அக்கரை நம்பர் பிளேட்

பயப்படாதீங்க சார், விபத்து ஒண்ணும் இல்ல. பாலத்தைத் தூக்கறான். கீழ ஆத்துல பெரிய கப்பல் வந்தா, பாலத்தோட நடுப்பகுதிய மட்டும் அப்படியே மேல தூக்கிடுவான். அது போற வரைக்கும் கார், பஸ், லாரி எல்லாம் இப்படி நிக்க வேண்டியதுதான். டிரைவரம்மா என்ஜினையே ஆஃப் பண்ணிட்டாங்க பாருங்க. சும்மா சாஞ்சு உட்காருங்க.

நீங்க போன்ல "சரிம்மா, வெச்சுடறேன்"னு சொன்னீங்களே, அதைக் கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. இந்த பஸ்ல தினமும் போறேன், வரேன். ஒரு தமிழ்ப் பேச்சு காதுல விழுந்ததில்ல. மக வீட்டுக்கு வந்திருக்கீங்களா? விசிட்டர்? ரொம்ப நல்லது சார். இந்த நாட்டுல விசிட்டரா இருந்துட்டா ஒரு தொல்லையும் கிடையாது. குடியிருக்கறவனுக்குத்தான் அத்தனை தொல்லையும்.

என் பேரு தெய்வநாயகம். ஆபீஸ்ல தேவான்னு கூப்பிடுவாங்க. சொந்த ஊரு கடலூர், மஞ்சக்குப்பம். உங்களுக்கு? விருத்தாசலமா! அட, ஒரே ஜில்லா சார் நாம. அப்ப பாண்டிச்சேரி நம்பர் பிளேட்டுன்னா என்னன்னு உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இருந்தாலும் சொல்றேன், பாலம் இறங்க நேரமாகும்.

எங்க அப்பாவுக்கு அரிசி மண்டி. ஒரு அம்பாசடர் வாங்கினாரு. ஓட்டினது பூரா கடலூர்ல. பதிஞ்சது பாண்டிச்சேரில, எங்க அத்தை வீட்டு அட்ரஸ்ல. ஏன்னா அங்க வண்டிக்கு வரி கம்மி. எங்க தெருவுல கார் வெச்சிருந்த டாக்டர், வக்கீல், கல்யாண மண்டபம் வெச்சிருந்தவரு, அத்தனை பேருக்கும் பாண்டிச்சேரில ஒரு அத்தையோ சித்தியோ இருந்தாங்க. இல்லாதவங்க வாடகைக்குப் பிடிச்சாங்க. வரி ஆபீஸ்ல வேலை பாத்த ஒருத்தரு எங்க தெருவுல இருந்தாரு, அவரு ஸ்கூட்டரே பாண்டிச்சேரி நம்பர்தான். எங்க அத்தை வீட்டு வாசல்ல எங்க அப்பா பேரைப் போட்டு ஒரு போர்டு கூட மாட்டியிருந்தாங்க. அந்த வீட்ல எங்க அப்பா ஒரு வேளை சாப்பிட்டிருப்பாரு, அவ்வளவுதான். அதுதான் சார் திறமை. வண்டி இருக்கற ஊரு ஒண்ணு, நம்பர் இருக்கற ஊரு ஒண்ணு. நான் அதைப் பாத்து வளந்தவன்.

அப்படி வளந்தவனை இந்த நாட்டுல கொண்டாந்து விட்டா எப்படி இருக்கும்? இங்க அம்பது மாநிலம் சார். அம்பது பாண்டிச்சேரி! ஒவ்வொருத்தனும் காருக்கு ஒவ்வொரு விதமா வரி போடறான். வர்ஜீனியாவுல வீட்டுக்கு வரி கட்டற மாதிரி காருக்கும் வருஷா வருஷம் சொத்து வரி. கார் என்ன, வாசல்ல நிக்கற தென்னந்தோப்பா? ஜார்ஜியாவுல ஒரே தடவையா வாங்கிக்கறான். மொண்டானால விற்பனை வரியே கிடையாது, பழைய வண்டியா இருந்தா ஒரு தடவ பதிஞ்சா ஆயுசுக்கும் போதும். ஓரிகன்ல பாருங்க, பெட்ரோல் கம்மியா குடிக்கற வண்டிக்குத்தான் பதிவுக் கட்டணம் ஜாஸ்தி. ஏன்னா அது பெட்ரோல் வரிய ஏமாத்துதாம்! இதெல்லாம் என்னை யாரும் படிக்கச் சொல்லல. எங்க ஆபீஸ்ல மத்தவனெல்லாம் மத்தியானம் சாப்பிட்டுட்டு கிரிக்கெட் ஸ்கோர் பாப்பான். நான் மாநிலம் மாநிலமா வண்டி வரி பாப்பேன். சுகுணா சொல்லுவா, "நம்ம பொண்ணு எந்த கிளாஸ்னு கேட்டா முழிக்கறீங்க, மிசிசிப்பில வண்டி வரி எவ்வளவுன்னா டக்குனு சொல்றீங்க"ன்னு. பெருமையா சொல்லுவா.

சுகுணா என் வீட்டுக்காரி. ஆதிரை பொண்ணு.

இப்ப இந்த ஆத்தப் பாருங்க. கொலம்பியா ஆறு. இந்தக் கரை ஓரிகன், போர்ட்லேண்ட். அந்தக் கரை வாஷிங்டன், வான்கூவர். கனடால இருக்கே, அந்த வான்கூவர் இல்ல, இது வேற. அந்தக் கரைல சம்பளத்துக்கு வரி இல்ல, ஆனா எதை வாங்கினாலும் வரி. இந்தக் கரைல எதை வாங்கினாலும் விற்பனை வரி இல்ல, ஆனா சம்பளத்துக்கு நல்லா தீட்டிடுவான். அப்ப மூளை இருக்கறவன் என்ன பண்ணுவான்? அந்தக் கரைல வேலை பாத்து அந்தக் கரைலயே குடியிருப்பான். டிவி, கட்டில், மிக்ஸி எல்லாத்தையும் இந்தக் கரைக்கு வந்து வாங்கிட்டுப் போவான். நான் அப்படித்தான் இருந்தேன். சொர்க்கம் சார். எங்க வீட்ல இருக்கற ஒரு ஸ்பூன் கூட வாஷிங்டன்ல வாங்கினதில்ல.

ஆனா கார்ல மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. கார எந்தக் கரைல வாங்கினாலும், நீ எங்க குடியிருக்கியோ அங்கதான் பதியணும், அங்கதான் வரி கட்டணும்னு சட்டம். அந்த ஒரு வாக்கியத்தைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

கார் கேட்டது சுகுணாதான். ஊர்ல அவ சைக்கிள் கூட ஓட்டினதில்ல. இங்க வந்து, விழுந்து எழுந்து, டெஸ்ட்ல தோத்து, அழுது, மறுபடி போயி லைசென்ஸ் வாங்கினா. பல் டாக்டர்கிட்ட உதவியாளரா வேலை பாக்கறதுக்கு ஒரு படிப்பு இருக்கு, அதுல சேரணும், அதுக்கு வண்டி வேணும்னா. கருநீலம்தான் வேணும்னா. நல்ல வண்டியாப் பாத்து எடுத்தேன் சார், ஏழு பேர் உட்காரலாம். நாங்க மூணு பேருதான், இருந்தாலும்.

போர்ட்லேண்ட்ல சுகுணாவோட தம்பி பரணி இருக்கான். சொந்த வீடு, இன்னும் கல்யாணம் ஆகல, காரேஜ் காலி. எனக்குக் கண்ணு முன்னாடி எங்க அத்தை வீடு வந்து நின்னுச்சு. "பரணி, உன் அட்ரஸ் கொஞ்சம் வேணும்"னேன். "எடுத்துக்கோங்க மாமா"ன்னான். அக்கா புருஷன் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? சொல்லத் தெரியாத பையன் அவன். ஓரிகன் லைசென்ஸ் வாங்கினேன், ஓரிகன் நம்பர் வாங்கினேன். பிளேட்ல பச்சையா ஒரு மரம் போட்டிருக்கும் சார், பாக்கவே குளுகுளுன்னு இருக்கும்.

நல்ல நாள் பாத்து வண்டி எடுத்தோம். ஷோரூம் வாசல்லயே பூஜை. சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். தேங்காயத் தரையில அடிச்சப்ப சேல்ஸ்மேன் ரெண்டடி பின்னாடி போயிட்டான். சுகுணாவ ஓட்டச் சொன்னேன். பட்டுப்புடவையக் கொசுவத்தோட இடுக்கிக்கிட்டு ஏறி உட்கார்ந்தா. முகமெல்லாம் பல்லு. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி நசுக்கிட்டு, கொஞ்ச தூரம் போயி நிறுத்தினா. அதோட சரி. அவ அந்தக் கார ஓட்டினது அந்த நாலு எலுமிச்சம்பழத்து மேல மட்டும்தான்.

பின்ன என்ன சார், நான் எப்படி விடுவேன்? ஓரிகன் நம்பர் வண்டிய வாஷிங்டன் லைசென்ஸ் வெச்சிருக்கறவ தினமும் ஓட்டிக்கிட்டுப் போனா, பாக்கறவனுக்குச் சந்தேகம் வராதா? இது அவளுக்கு மட்டும் கடைசி வரைக்கும் புரியல.

சந்தேகப்படறதுக்குன்னே ஒருத்தன் எதிர்வீட்ல இருந்தான். கார்ல்னு ஒரு கிழவன். ரிட்டயர்டு. காலைல மடக்கு நாற்காலியப் போட்டு வாசல்ல உட்கார்ந்தான்னா, தெருவுல போற பூனைக்குக் கூட ஊரு பேரு விசாரிப்பான். ஓரிகன் பிளேட்டப் பாத்ததும் அவனுக்கு மூக்குல வேர்த்துடுச்சு. "புது வண்டியா?"ன்னான். "என் மச்சினன் வண்டி, ஊர்லேந்து வந்திருக்கான்"னேன். "எத்தனை நாள் இருப்பான்?"னான். பாத்தீங்களா, கேள்விய! "நாளைக்கே போறான்"னுட்டேன். வாய் தவறி வந்துடுச்சு.

அப்ப நாளைக்கு வண்டி போயாகணுமே. கொண்டு போயி பரணி வீட்டு காரேஜ்ல விட்டுட்டு, பஸ்ல திரும்பி வந்தேன். மறுநாள் பஸ்ல போயி வண்டிய எடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் திருப்பிக் கொண்டு போயி விட்டேன். கொஞ்ச நாள் இப்படி ஓடுச்சு. சுகுணா கேட்டா, "வண்டிய எடுக்க பஸ்ல போறீங்க, வண்டிய விட்டுட்டு பஸ்ல வரீங்க. பஸ்லயே போயிட்டு வந்தா என்ன?"ன்னு. பொம்பளைங்களுக்கு வண்டி விஷயம் பேசத் தெரியாது சார்.

அப்புறம் யோசிச்சேன். நம்ம ஊரு மாதிரி இல்ல இங்க. இவன் கேட்டா, மின்சார பில்லு காட்டு, லைப்ரரி கார்டு காட்டு, தபால் எங்க வருதுன்னு காட்டுன்னு கேப்பான். போர்டு மாட்டினாப் போதாது. அத்தை வீட்ல அப்பா ஒரு வேளை சாப்பிட்டதோட நிறுத்தினாரு. நான் அதுல ஒரு படி மேல போனேன். தபாலெல்லாம் பரணி வீட்டுக்கு மாத்தினேன். ஒரு பெட்டி துணி கொண்டு போயி வெச்சேன். அப்புறம் இன்னொரு பெட்டி. வாரத்துல ரெண்டு நாள் அங்க தங்கினேன். அப்புறம் நாலு நாள். கடைசில சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்து போறதுன்னு ஆச்சு. சட்டம் கேட்டா பெரும்பாலான நாள் அங்க இருக்கேன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லணும் இல்லையா? அப்படிச் சொல்லணும்னா இருந்துதானே ஆகணும்?

ஆமா சார், நீங்க கேக்கறது சரிதான். ஆபீஸ் அந்தக் கரைலதான், வான்கூவர்ல. காலைல பரணி வீட்லேந்து கிளம்பி இந்த பஸ் பிடிச்சு, இந்தப் பாலத்தைத் தாண்டி, எங்க வீட்டு வழியாத்தான் ஆபீஸ் போவேன். எங்க தெரு முனையில ஆதிரை ஸ்கூல் பஸ்ஸுக்காக நின்னுக்கிட்டிருப்பா. நான் ஜன்னல்லேந்து கை காட்டுவேன். முதல்ல அவளும் குதிச்சுக் குதிச்சுக் கை காட்டிக்கிட்டிருந்தா. அப்புறம் சும்மா கை காட்டினா. இப்ப பிரெண்ட்ஸோட பேசிக்கிட்டு நிப்பா, கவனிக்க மாட்டா. பிள்ளைங்கன்னா அப்படித்தான், வளருது இல்ல. எனக்குத்தான் அந்த ஸ்டாப் தாண்டினப்புறம் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருக்கும். ஆபீஸ் வந்தா சரியாயிடும்.

இதுல இன்னொரு கூத்து. வருமான வரிக் கணக்கு முடிக்க ஆடிட்டர்கிட்ட போனேன். அவரு குஜராத்திக்காரரு. எல்லாத்தையும் பாத்துட்டு, "தேவா பாய், நீங்க ஓரிகன்ல குடியிருக்கீங்களா?"ன்னாரு. "ஆமா"ன்னேன், நெஞ்சை நிமித்தி. "அப்ப உங்க சம்பளம் பூராவுக்கும் ஓரிகனுக்கு வரி கட்டணும்"னாரு. "நான் வேலை பாக்கறது வாஷிங்டன்ல"ன்னேன். "எங்க வேலை பாத்தாலும் குடியிருக்கறது அங்கன்னா அங்க கட்டணும்"னாரு. கட்டினேன். வேற வழி? சுகுணா பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாத்துட்டு, "கார் வரி ஒரே ஒரு தடவதாங்க. இது வருஷா வருஷம். ஒரே வருஷத்துல அந்தக் கார் வரிய ரெண்டு மடங்கா கட்டியிருக்கீங்க"ன்னா. நான் சொன்னேன், "கார் வரி கட்டினமா? இல்லையே! அதைப் பாரு"ன்னு. அவ பேனாவ மூடி வெச்சுட்டு உள்ள போயிட்டா. ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

பரணி பாவம். அவனுக்கு ஊர்ல பொண்ணு பாத்துக்கிட்டிருந்தாங்க. வீடியோ கால்ல பொண்ணு வீட்டுக்காரங்க பேசிக்கிட்டிருக்கறப்ப, நான் லுங்கியோட பின்னாடி தோசை சுட்டுக்கிட்டிருந்திருக்கேன். "அது யாரு?"ன்னு கேட்டிருக்காங்க. "அக்கா புருஷன்"னு சொல்லியிருக்கான். "அக்கா எங்க?"ன்னு கேட்டிருக்காங்க. "அக்கா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க"ன்னு சொல்லியிருக்கான். அந்த இடம் அதோட நின்னு போச்சு. அவன் ஒரு வார்த்தை என்னைச் சொல்லல. தோசைக்கு மாவு மட்டும் அரைக்கறத நிறுத்திட்டான்.

ஆதிரை பொறந்தநாள் வந்துச்சு. கேக், பலூன், தெருவுல இருக்கற பிள்ளைங்க எல்லாம். சுகுணா எதிர்வீட்டுக் கிழவன் கார்ல், அவனையும் கூப்பிட்டிருந்தா. கையில கேக்கோட அவன் என் பக்கத்துல வந்து நிக்கறான். அப்ப ஆதிரை ஓடி வந்து, இங்கிலீஷ்ல, "அப்பா, நீங்க உங்க வீட்டுக்கு எப்ப போவீங்க?"ன்னா. பாத்தீங்களா சார்! கார்ல் காதுல விழற மாதிரி! ஒரு வார்த்தை நான் சொல்லிக் குடுக்கல. தானா சொல்லுது குழந்தை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க அப்பாவோட ரத்தம்டா இதுன்னு நினைச்சேன். கார்ல் என்னைப் பாத்தான், அவளைப் பாத்தான், கேக்க அப்படியே வெச்சுட்டுப் போயிட்டான்.

இருந்தாலும் எவனோ எழுதிப் போட்டுட்டான். அவனாத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலைல, நான் வீட்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். வாசல்ல கருநீல வண்டி, பச்சை மரத்தோட நிக்குது. பெல் அடிச்சுது. சுகுணா கதவைத் திறந்தா, ஒரு போலீஸ்காரம்மா. நம்ம வீட்டுக் கதவு உசரத்துக்கு இருக்கா. நான் தட்டோட எழுந்து வந்தேன். ரொம்ப மரியாதையாத்தான் பேசினா. ஓரிகன் பிளேட் போட்ட வண்டி இந்த வீட்ல இருக்கறதா தகவல் வந்திருக்கு, இங்க குடியிருக்கறவங்களோட வண்டியா இருந்தா இங்க பதிஞ்சிருக்கணும், இல்லன்னா வரி, அபராதம், கேஸு எல்லாம் வரும்னா. பெரிய அபராதம் சார், ஜெயில்னு கூட சட்டத்துல இருக்கு. "நான் விசிட்டர்"னேன். லுங்கி, பனியன், கையில சட்னி. அவ என்னை மேல கீழ பாத்துட்டு சுகுணா பக்கம் திரும்பினா.

"இந்த மனுஷர் இந்த வீட்ல குடியிருக்காரா மேடம்?"ன்னு கேட்டா.

சார், என் வாழ்க்கை பூரா அந்த ஒரு பதில்ல தொங்குது. சுகுணா பொய் சொல்ல மாட்டா. காய்கறிக்காரன் மிச்சம் ஜாஸ்தியா குடுத்தாக் கூடத் திருப்பிக் குடுக்கறவ. என்ன சொல்லப் போறாளோ? அவ என்னைப் பாத்தா. நல்லா, ரொம்ப நேரம் பாத்தா. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பாத்ததில்ல. அப்புறம் சொன்னா, "இல்ல. இவர் இங்க குடியிருக்கல."

"எவ்வளவு நாளா?"

"இந்தக் கார் வாங்கினதுலேந்து."

போலீஸ்காரம்மா நம்பலையோ என்னமோன்னு நினைச்சுக்கிட்டு, சுகுணா அதோட நிக்கல சார். "வாங்க"ன்னு உள்ள கூட்டிட்டுப் போயி அலமாரியத் திறந்து காட்டினா. அவ துணி, குழந்தை துணி. என்னோடது ஒண்ணு கூட இல்ல. குளியலறையில ரெண்டு பிரஷ். "இவரு சனிக்கிழமை வருவாரு, சாப்பிட்டுட்டுப் போயிடுவாரு"ன்னா. சொல்றப்ப கண்ணுல தண்ணி! குரல் தழுதழுக்குது! சினிமாவுல நடிக்கறவங்க கூட அப்படி நடிக்க மாட்டாங்க. போலீஸ்காரம்மா தொப்பியக் கழட்டிட்டா சார். "மன்னிச்சுக்கோங்க மேடம், தெரியாம வந்துட்டேன்"னு சுகுணா தோளைத் தொட்டுச் சொல்லிட்டு, என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனா. அபராதம் இல்ல, கேஸு இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

நான் குதிச்சேன். "ஜெயிச்சுட்டோம் சுகு! என்னமா நடிச்ச!"ன்னேன்.

அவ என் தட்டை எடுத்துக் கழுவி வெச்சா. கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, "உங்க வண்டிய எடுத்துட்டு உங்க வீட்டுக்குப் போங்க. இனிமே வரதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வாங்க"ன்னா.

எனக்குப் புரிஞ்சுடுச்சு. போலீஸ் வண்டி தெரு முனையிலயே நின்னுக்கிட்டிருக்கலாம் இல்லையா? ஜாக்கிரதை! எனக்குத் தோணல பாருங்க, அவளுக்குத் தோணுச்சு. பேசாம செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

இது நடந்து ஆறு மாசம் ஆச்சு சார். அன்னிக்கு ஆரம்பிச்ச நடிப்ப அவ இன்னும் விடல. அவ்வளவு கெட்டிக்காரி. போன் பண்ணிட்டுத்தான் போறேன். பெல் அடிச்சா, கதவைத் திறந்து வெளிய வந்து, பின்னாடி கதவைச் சாத்திட்டு, வாசல்லயே நின்னு பேசுவா. ஆதிரையும் வெளிய வந்து நிப்பா. என்ன படிச்சேன்னு சொல்லுவா, நான் தலையைத் தடவுவேன், உள்ள போயிடுவா. சுகுணா கையில காபி கூட இருக்காது. கார்ல் பாக்கறானேன்னுதான். இப்ப கார்ல் கிழவன் வீட்டை வித்துட்டு அரிசோனா போயி ரெண்டு மாசமாச்சு. அதனால என்ன, புதுசா குடி வந்தவங்க எப்படியோ? அவ ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதான். பரணிகிட்ட கேட்டேன், "உங்கக்கா எப்படா நிறுத்துவா?"ன்னு. அவன், "மாமா, உங்களுக்கு நிஜமாவே புரியலையா?"ன்னான். என்னடா புரியலன்னேன். ஒண்ணும் இல்ல மாமான்னு வேலைக்குப் போயிட்டான்.

கார் காரேஜ்ல கிடக்கு. எடுக்கறதே இல்ல, பேட்டரி செத்துப் போச்சு. எனக்கு எங்க போகணும்? நான் போற ஒரே இடம் அந்தக் கரை. அந்தக் கரைக்கு அந்த வண்டி போகக் கூடாது.

நான் இதையெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன் சார். ஆனா போன மாசம் அவ ஒரு காரியம் பண்ணினா பாருங்க, அதுதான் என்னால தாங்க முடியல. ஒரு கார் வாங்கிட்டா. பழைய வண்டி, சின்னது, செகப்பு. அந்தப் பல் டாக்டர் உதவியாளர் படிப்புல சேந்துட்டாளாம், வேலையும் பாதி நேரத்துக்குக் கிடைச்சிருக்காம், தவணையில எடுத்திருக்கா. எடுத்துட்டுப் போகட்டும். எங்க பதிஞ்சா தெரியுமா? வாஷிங்டன்ல! அவ பேர்ல, அவ அட்ரஸ்ல. வரி கட்டியிருக்கா. முழு வரி! ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கல. தம்பி வீடு இருக்கு, அட்ரஸ் இருக்கு, அத்தனை வழியும் நான் போட்டு வெச்சிருக்கேன். வரிசையில நின்னு, பணத்தை எண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கா. "ஏன் சுகு இப்படிப் பண்ணின?"ன்னு வாசல்ல நின்னு கேட்டேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவ சிரிச்சா சார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா. "நான் இங்கதானேங்க குடியிருக்கேன்"னா.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தினப்ப சிரிச்சாளே, அதே சிரிப்பு. அன்னிக்கு ராத்திரி பரணி வீட்ல எனக்குத் தூக்கமே வரல.

அவ வண்டிக்கு இன்னும் பூஜை போடல. வெறுமனே ஓட்டறா. அதுதான் இந்தப் பைல நாலு எலுமிச்சம்பழம். காய்கறி, பழத்துக்கெல்லாம் ரெண்டு கரையிலயும் வரி இல்ல, அதனால எங்க வாங்கினாலும் ஒண்ணுதான். இன்னிக்குப் போன் பண்ணாமத்தான் வரேன். பண்ணினா, வேலை இருக்குன்னு சொல்லிடறா.

அதோ பாருங்க, கப்பல் போயிடுச்சு. பாலம் இறங்குது. இறங்கறப்ப மட்டும் கொஞ்சம் சத்தம் போடும். அவ்வளவுதான், இப்ப வண்டிய எடுத்துடுவாங்க.

சார், நீங்க கடைசி ஸ்டாப்பா? நான் அதுக்கு முந்தின ஸ்டாப். ஒரு உதவி கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க. என்கூட இறங்குங்களேன். ரெண்டு நிமிஷ நடைதான். மகளுக்குப் போன் போட்டு லேட்டாகும்னு சொல்லிடுங்க, பாலத்தைத் தூக்கிட்டாங்கன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே.

இல்ல சார், தொந்தரவே இல்ல. சுகுணா ரொம்ப சந்தோஷப்படுவா. அவங்க பெரியம்மா வீடு விருத்தாசலம்தான். ஊர்க்காரர் வந்திருக்காருன்னா வாசல்ல நிக்க வெச்சுப் பேசறவ இல்ல அவ. உள்ள கூப்பிட்டு, ஃபேனப் போட்டு, உட்கார வெச்சு, டம்ளர்ல காபி குடுப்பா. இட்லி இருந்தா சாப்பிடாம விட மாட்டா. நான் தனியா போனாத்தான் தெருவுல இருக்கறவங்க குடியிருக்க வந்தவன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயப்படறா. விருந்தாளியோட வந்தா நானும் விருந்தாளிதானே? எந்தச் சட்டமும் கேக்க முடியாது.

ஸ்டாப் வந்துடுச்சு. எழுந்திரிங்க சார், கம்பியப் பிடிச்சுக்கோங்க, பாத்து. இந்தப் பைய மட்டும் நான் வெச்சுக்கறேன். அதோ, அந்தச் செகப்பு வண்டி நிக்குது பாருங்க, அந்த வீடுதான்.

நீங்க முன்னாடி போயி பெல் அடிங்க சார். நான் உங்க பின்னாடி நிக்கறேன்.